குசாகாவின் விரல்

ஒசாகாவின் வடகோடியில் இருக்கும் ஹினகுரா ஸ்டேஷனைக் கட்டிய புண்ணியவான் அதை ஒரு வளைவில் கட்டித் தொலைத்தான். ரயில் வந்து நின்றால், கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டுக்கு நடுப்பெட்டிகளின் கதவுகள் தெரியாது. அவருக்காகப் பார்த்துச் சொல்ல நடைமேடையில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் குசாகா. ஐம்பதைத் தாண்டியவர். வாலிபத்தில் அந்த வளைவில் வந்து நின்றவர், பிறகு நகரவே இல்லை.

கதவுகள் மூடியதும் வெள்ளைக் கையுறை மாட்டிய விரலை நீட்டி, வண்டியின் ஓரமாக முன்னும் பின்னும் காட்டுவார். "கதவு, சரி! ஓரம், சரி!" என்று கூவுவார். பிறகு கைவிளக்கை உயர்த்துவார். கார்டு மணியடிக்க, வண்டி கிளம்பும். கண் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோகும், விரலும் வாயும் கூடச் சேர்ந்தால் ஏமாறாது என்பது அந்த ஊர் ரயில்வேக்காரர்களின் நம்பிக்கை. குசாகாவுக்கு அது வேதம். வீட்டிலும் விடமாட்டார். பூட்டு, சரி. ஜன்னல், சரி. அடுப்பு, சரி.

"நான் மனுஷனைக் கட்டிக்கிட்டேனா, சிக்னல் கம்பத்தைக் கட்டிக்கிட்டேனா?" என்பாள் மனைவி இகுயோ.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். வீடெல்லாம் புகை. அடுப்பில் மிசோ சூப் பாத்திரம் கருகிக் கிடந்தது.

"நீங்கதானேங்க கடைசியா வெளிய வந்தீங்க? 'அடுப்பு, சரி'ன்னு கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சே!" இகுயோ சிரித்துவிட்டாள்.

குசாகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விரலை நீட்டியது நினைவிருந்தது, சொன்னது நினைவிருந்தது. நெருப்பைப் பார்த்தது மட்டும் நினைவில் இல்லை. எரிந்துகொண்டிருந்த அடுப்பை நேருக்கு நேர் காட்டி, சரி என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் ஒவ்வொரு வண்டியும் போனபிறகு தன்னையே கேட்டுப் பார்த்தார். நடுக்கதவுப் பக்கம் யார் நின்றார்கள்? குடை இருந்ததா? ஒன்றும் தெரியவில்லை. கை தானாக உயர்ந்து, வாய் தானாகக் கூவி, வண்டிகள் அவரை நம்பிப் போய்க்கொண்டிருந்தன. எத்தனை வருஷமாக இப்படி?

"ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க." அன்றிரவு அவர் எல்லாவற்றையும் சொன்னபோது இகுயோவின் குரலில் கேலி இல்லை.

"சொன்னா நாளைக்கே டிக்கெட் ஜன்னல்ல கொண்டுபோய் உக்கார வச்சிடுவாங்க."

"உக்காருங்களேன். நாற்காலி கடிக்குமா?"

"பள்ளிக்கூடப் புள்ளைங்கல்லாம் என் குரலை நம்பித்தான் ஏறி இறங்குதுங்க, இகுயோ."

"அதுக்குத்தாங்க சொல்றேன்."

மழை விடட்டும் என்றார். மழை விட்டது. கோடை விடுமுறை வரட்டும் என்றார். மனிதனுக்குத் தள்ளிப்போடுவதற்கா காரணம் கிடைக்காது! தினமும் காலையில் கண்ணை அகல விரித்துக்கொண்டு போவார். இரண்டு வண்டி போவதற்குள் விரல் மறுபடி தன் பாட்டுக்கு ஆடத் தொடங்கிவிடும்.

விடுமுறைக்கு முந்தைய வாரம், காலைக் கூட்டம். கதவுகள் மூடின. "கதவு, சரி! ஓரம், சரி!" விளக்கை உயர்த்தினார். வண்டி நகர்ந்தது.

உள்ளே யாரோ கண்ணாடியைப் படபடவென்று அறையும் சத்தம் கேட்டது. அப்போதுதான் பார்த்தார். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சிறுமி வண்டியோடு ஓடிக்கொண்டிருந்தாள். வகுப்பில் போடும் காலணியை வைத்திருந்த அவளுடைய பையின் கயிறு கதவிடுக்கில் சிக்கியிருந்தது, மறுநுனி அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. குசாகா தூணில் இருந்த நிறுத்தப் பொத்தானில் பாய்ந்து அடித்தார். வண்டி அலறி நின்றது. சிறுமி நடைமேடையின் விளிம்பில் விழுந்து கிடந்தாள். முழங்கால்கள் கிழிந்திருந்தன. உயிர் இருந்தது.

அன்றைக்கே ஊழியர்கள் எல்லோரும் அவர் முதுகைத் தட்டினார்கள். "குசாகா-சான் கண்ணுன்னா கழுகுக் கண்ணுய்யா!" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் தோகாஷி. பாராட்டுக் கேட்டு மேலிடத்துக்கு எழுதப்போவதாகவும் சொன்னார். குசாகா தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சிறுமி மிஹாருவைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அம்மா வந்தாள். கையில் இனிப்புப் பெட்டி. தோகாஷியின் அறையில் குசாகாவின் முன்னால் இடுப்பு ஒடியக் குனிந்தாள். "எங்க பொண்ணால உங்களுக்கெல்லாம் பெரிய சிரமம். வண்டியெல்லாம் தாமதமாயிடுச்சு. மன்னிச்சுக்கணும். சார் மட்டும் இல்லேன்னா..." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

"கயிறு மாட்டினதும் கத்தியிருக்க வேண்டாமா, கண்ணு?" என்றார் தோகாஷி சிரித்துக்கொண்டே.

மிஹாரு குசாகாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை.

"மாமா என்னையே கைகாட்டி 'சரி'ன்னாரு. அப்போ சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

தோகாஷி கடகடவென்று சிரித்தார். "குழந்தை பயத்துல உளறுது. விடுங்கம்மா." இனிப்புப் பெட்டியை எடுத்துக் குசாகாவிடம் நீட்டினார்.

குசாகா வாங்கவில்லை. கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவ உளறல, சார். அவளை நான் பாக்கல. விரலைத்தான் நீட்டினேன். ரொம்ப நாளா யாரையுமே பாக்கல."

அதுவரை அவர் முன்னால் குனிந்து நின்ற அம்மா மெல்ல நிமிர்ந்தாள். மகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.