நூற்றெட்டுச் சுற்று வைத்தியம்

எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இயற்கை மருத்துவ அறிமுகக் கூட்டம் என்று நோட்டீஸ் வந்ததும், என் மனைவி என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். பத்து வருஷமாகச் சர்க்கரையோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். பக்கத்துத் தெரு தறிக்காரர் ஒருவருக்குச் சர்க்கரையால் காலை எடுத்ததிலிருந்து, அவளுக்கு என் காலைப் பற்றியே கவலை.

மேடையில் பேசிய டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. மண், தண்ணீர், வெயில், காற்று, பட்டினி எல்லாமே மருந்துதான் என்றார். வயிற்றில் ஈரமண் பற்றுப் போட்டால் சூடு தணியும் என்றதும் கூட்டத்தில் நமட்டுச் சிரிப்பு. சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்கு மண்ணைப் பற்றிப் பாடமா? கோயில் புற்றுமண்ணைப் பூசியும் தின்றும் வளர்ந்த உடம்பு எங்களுடையது.

"சர்க்கரை உள்ளவங்க மாத்திரையை நிறுத்திறாதீங்க. தினமும் நாற்பது நிமிஷம் நடங்க. வெறுங்காலோட மட்டும் நடக்காதீங்க" என்றார். உடம்பைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுசாகப் பார்ப்பதுதான் இந்த மருத்துவம் என்று முடித்தார். நாங்கள் பலமாகக் கைதட்டிவிட்டு எதிரே இருந்த பிரியாணிக் கடைக்குள் நுழைந்தோம்.

தினமும் நடப்பது எனக்குச் சரிப்படாது. நான் கணக்குப் பார்க்கும் விசைத்தறிக் கொட்டகையில் நாற்காலியை விட்டு எழுந்தால்தானே? நல்லவேளையாக ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஒற்றைக்காலில் தவம் நிற்கும் கோமதியம்மனின் கால்வலியில் நாமும் பங்கு வாங்க வேண்டும் என்று கோயிலைச் சுற்றி வருவது எங்கள் ஊர் வழக்கம். நூற்றெட்டுச் சுற்று போனால் ஒரு மாத நடை ஒரே நாளில் தீர்ந்துவிடும். அம்மனுக்கும் ஆச்சு, டாக்டரம்மாவுக்கும் ஆச்சு. கோயிலுக்குள் செருப்பு போட முடியாதே என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதிய வெயிலில் கல்தளம் கொதித்தது. எழுபதாவது சுற்றில் இளவட்டங்களே பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, உங்களுக்குக் கால் வலிக்கலையா?" என்று ஒருவன் கேட்டான்.

"துளிகூட இல்லடே" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நூற்றெட்டையும் முடித்து வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கத்தினாள். "ஏங்க, தரையெல்லாம் ரத்தம்! காலுல என்ன குத்துச்சு?"

திரும்பிப் பார்த்தேன். வாசலிலிருந்து என் காலடித் தடம் சிவப்பாக வந்திருந்தது. உள்ளங்காலில் கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்து தொங்கியது.

"ஏட்டி, ஏன் பதறுத? வலியே இல்ல. இயற்கை வைத்தியம்னா இதாம்" என்றேன். அவள் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

அதே டாக்டரம்மாவிடம்தான் போனோம். புண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னார். சீட்டு எழுதும் முன் மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார்.

"கண்ணை மூடிக்கோங்க. கால்ல புண் இல்லாத இடமாப் பார்த்து இதால தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க."

பரீட்சைக்கு உட்கார்ந்த பையனைப் போலக் கவனமாகக் காத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"எப்போ ஆரம்பிப்பீங்க டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

அவர் சீட்டு எழுதத் தொடங்கும் சத்தம் கேட்டது. என் மனைவி விம்மி அழத் தொடங்கினாள். எனக்குக் கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது.