கண்ணில் ஒற்றிய கிளாவர் ஐந்து

1966 ஜூலை 9, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்தேன். சவரம், குளியல், சந்தியாவந்தனம், வழக்கமான வண்டி, அரை நாள் அலுவலகம். மாட்டுங்காவில் இறங்கியபோது நல்ல மழை. குடையைக் குளியலறையில் விரித்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அன்று மாலை எனக்குப் பரீட்சை. மாடி வீட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் நடத்தும் போக்கர் ஆட்டத்தில் நாலாவது கையாக இருந்தவர் நாகபுரிக்கு மாற்றலாகிப் போனார். அந்த இடத்தில் ஒரு மாதம் என்னை உட்கார்த்திப் பார்ப்பதாகவும், சரிவராவிட்டால் செம்பூரிலிருந்து ஒருவர் வருவார் என்றும் ஏற்பாடு. மாதம் அன்றோடு முடிகிறது. இதில் சேருவதற்கு முன் என் சனிக்கிழமை மாலைகள், காலையில் படித்த பேப்பரை மறுபடி படிப்பதிலேயே கழிந்தன. அதற்குத் திரும்பிப் போக எனக்கு மனமில்லை.

ஆட்டம் கஷ்டமில்லை. ஐந்து சீட்டு, வேண்டாததைப் போட்டு வேறு வாங்கலாம், ஒரே இனமாகச் சேர்ந்தால் விசேஷம். பணம் கிடையாது, புளியங்கொட்டைதான். கையில் ஒன்றும் இல்லாதபோது இருப்பதுபோலவும், இருக்கும்போது இல்லாததுபோலவும் உட்கார்ந்திருக்க வேண்டும். அது மட்டும் எனக்கு வரவில்லை. எனக்கு நல்ல சீட்டு வந்தால் மற்ற மூவரும் உடனே தங்கள் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார்கள். மூன்று வாரமாகச் சவரக் கண்ணாடி முன் முகத்தைக் கல்லாக வைத்துப் பழகியும் பயனில்லை.

மோர் விட வந்த மனைவியிடம் இதைச் சொன்னேன்.

“முகத்தை யார் பார்த்தா? போன வாரம் மாடி ஒழுகறதுன்னு நம்மாத்துல ஆடினப்போ பார்த்தேனே. நல்ல சீட்டு வந்தா கண்ணுல ஒத்திக்கறேள்.”

“நானா?”

“சம்பளக் கவர் வந்தா ஒத்திக்கறாப்பல. ராணி வந்தப்போ ரெண்டு கண்ணுலயும்.”

எனக்குத் தெரியவே தெரியாது. இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளம், பஞ்சாங்கம், பிரசாதம் எல்லாவற்றையும் ஒற்றிக்கொண்ட கை, சீட்டையும் விட்டுவைக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு படுத்து யோசித்ததில், இதையே ஆயுதமாக்கலாம் என்று பட்டது. ஒன்றுக்கும் ஆகாத சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் மூவரும் பயந்து கவிழ்த்துவிடுவார்கள். என் புத்தி எனக்கே பிடித்துப்போய்த் தூக்கம் வரவில்லை.

ஐந்து மணிக்கு மாடியில் ஆட்டம் ஆரம்பித்தது. வீட்டுக்காரர், அவர் மைத்துனர், எதிர் வீட்டுப் பேராசிரியர், நான். கை தன் பாட்டுக்குக் கிளம்பிவிடாமல் இருக்க வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“என்ன ஓய், கையில அடியா?” என்றார் வீட்டுக்காரர்.

“இல்லை, மரத்துப் போச்சு.”

காபி வந்த சமயம், என் கையில் ஒன்றோடொன்று சேராத நாலு சீட்டு இருந்தது. அவற்றை மடியில் கவிழ்த்தேன். தொடைக்கடியிலிருந்த கையை எடுத்துச் சுடச்சுட டம்ளரை வாங்கிக்கொண்டு, ஐந்தாவதாக ஒன்று கேட்டேன். கிளாவர் ஐந்து வந்தது. இதைவிட உதவாத சீட்டு கிடையாது. நிதானமாக எடுத்து, கண்ணை மூடி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். பிறகு என் புளியங்கொட்டைகளை மொத்தமாக நடுவில் தள்ளினேன்.

ஒருவரும் கவிழ்க்கவில்லை. மூவரும் என் அளவுக்கே கொட்டையை நகர்த்தினார்கள். பேராசிரியரிடம் இரண்டே இரண்டு ஏழுகள். அதுவே என்னை ஜெயிக்கப் போதுமாக இருந்தது.

“எப்படிக் கண்டுபிடிச்சேள்?” என்றேன்.

மைத்துனருக்குச் சிரிப்பில் காபி புரையேறியது. பேராசிரியர்தான் பதில் சொன்னார்: “வலது கையில டம்ளர். இடது கையால யாராவது கண்ணுல ஒத்திப்பாளா சார்? நெஜமா நல்ல சீட்டுன்னா டம்ளரைக் கீழ வெச்சிருப்பேளே.”

செருப்பைத் தேடிக்கொண்டு வாசலில் நின்றேன். செம்பூர்க்காரர் எப்போதிலிருந்து வருகிறார் என்று கேட்டேன்.

“அவர் பிரமாதமா ஆடுவாராம்,” என்றார் வீட்டுக்காரர். “அப்புறம் நாங்க யாரை ஜெயிக்கறது? அடுத்த வாரம் அஞ்சு மணிக்கு வந்துடும் ஓய்.”

மறுநாள் காலை முதல் வேலையாகப் பால் கார்டோடு பூத் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பையை இடது கைக்கு மாற்றி, பாட்டிலை வலது கையால் வாங்கினேன்.