பொத்தான் நனைத்த தரை

மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. வாடகைக் கார் கீழே காத்திருக்க, மூன்றாவது மாடிக்கு மறுபடி ஓடிவந்தான். போன வாரம் தான் தூக்கி வந்த நாய்க்குட்டியின் நெற்றியில் ஒரு முத்தம். அம்மாவுக்கு ஒரு சொல்தான்: "இதைப் பாத்துக்கோம்மா. இது உன்னைப் பாத்துக்கும்."

அவன் இறங்கும் சத்தம் அடங்குவதற்குள் குட்டி வாசலை நனைத்துவிட்டது. முதலில் கண்ணை, பிறகு தரையை, ஒரே துணியால் துடைத்தாள்.

சலவைக் கடையில் கால்சட்டைகளுக்கு நீளம் குறைப்பவள் அவள். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். கறுப்பாக, உருண்டையாக இருந்ததால் குட்டிக்குப் பொத்தான் என்று பெயர் வைத்தாள். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரருக்கு அந்தப் பெயரும் பிடிக்கவில்லை, தன் வீட்டுக் கூரையில் தெரிந்த ஈரமும் பிடிக்கவில்லை. "மேல மழை பெஞ்சா நான் குடை பிடிச்சுக்கிட்டா சாப்பிடறது?" என்றவர், இது தொடர்ந்தால் நாய் இந்த வீட்டில் இருக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். மகன் விட்டுப்போன ஒரே உயிர் அது. பழக்கியே தீர்வது என்று இறங்கினாள்.

தூங்கி எழுந்ததும், பால் குடித்ததும் பொத்தானைத் தூக்கிக் குளியலறை மூலையில் விரித்த செய்தித்தாளில் விட்டுப் பக்கத்திலேயே குந்தியிருப்பாள். காரியம் முடிந்தால் ஒரு விள்ளல் ரொட்டி. பழைய தாளில் ஈரத்துண்டு ஒன்றைக் கிழித்துப் புதுத் தாளுக்கடியில் வைப்பாள். வாசனை பிடித்து அங்கேயே வரும். "பேப்பரை இப்பல்லாம் முதல்ல நாய்தான் படிக்குதாமே அக்கா" என்று கடையின் இஸ்திரிக்காரர் கேலி செய்தார்.

பொத்தான் எல்லாம் கற்றது, ஒன்றைத் தவிர. மகன் போனில் கூப்பிட்டால் போதும், அந்தக் குரலுக்கு உடம்பெல்லாம் வாலாகி, நின்ற இடத்திலேயே பெய்துவிடும். அவள் அதட்டினாள், பயத்தில் இன்னொரு முறை பெய்தது. அவன் குரல் வெளியே கேட்காமல் இயர்போன் மாட்டிப் பார்த்தாள். "என்னடா கண்ணு" என்று அவள் குரல் குழைந்ததுமே அதற்குப் புரிந்துவிட்டது. ஒருநாள் வாடகை விஷயமாக ஏறிவந்த வீட்டுக்காரர் காலுறையோடு அந்த ஈரத்தில் நின்றார். இதுதான் கடைசித் தடவை என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அடுத்த முறை அவன் கூப்பிட்டபோது சொன்னாள்: "இது பழகற வரைக்கும் கூப்பிடாதே கண்ணு. எழுதிப் போடு."

"நாய்க்காகப் பெத்த பிள்ளையைத் தள்ளி வைக்கிறியாம்மா?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்த வீட்டில் அவன் குரல் கேட்டது அதுதான் கடைசி.

முதலில் தினமும் எழுதினான். பிறகு வாரத்துக்கொருமுறை. பிறகு பிறந்தநாளுக்கு மட்டும். பொத்தான் முழுக்கப் பழகியிருந்தது. "பழகிடுச்சு, கூப்பிடு" என்று எத்தனையோ முறை எழுதி அழித்தாள். நீயே கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று இஸ்திரிக்காரர் கேட்டார்.

"அம்மான்னு ஒருத்தி இருக்கானு அவனுக்கே தோணணும். கேட்டு வாங்கற பாசம் இரவல் நகைப்பா, கழுத்துல உறுத்தும்."

எப்போது போன் அடித்தாலும் பொத்தான் எழுந்து அவள் முகத்தைப் பார்க்கும். அந்த முகத்தில் ஒன்றும் இல்லையென்று தெரிந்ததும் படுத்துக்கொள்ளும். இப்படியே அதன் முகவாய் நரைத்தது. கடைசிநாள் காலையிலும் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு குளியலறைத் தாளுக்குப் போய், அங்கேயே சாய்ந்துவிட்டது. வீட்டுக்காரர்தான் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார். "பாவம்மா, நல்ல நாய்" என்றார். கூடவே இறங்கிப்போன அவள் மேலே திரும்பி வந்து, ஒரு பொட்டு ஈரமும் இல்லாத தரையைத் துடைத்தாள்.

அதற்கப்புறமும் காலையில் தாளை விரிக்கப் போய்க் கை நின்றுவிடும். அப்படி நின்ற ஒரு காலையில் போனில் மகனின் செய்தி வந்தது:

"அம்மா, பொத்தான் பழகிடுச்சானு நீ சொல்லவே இல்லையே. இன்னும் கூப்பிடக் கூடாதா?"