களத்தில் நடந்த குடும்பச் சண்டை

இன்று மாலை உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். வீட்டுக்குப் பின்னால் நெல் காயும் களத்தில் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

டிவியில் புருஷன் பெண்டாட்டி சண்டையைக் கூட்டிவைத்துக் காட்டுவார்களே, அந்த விளையாட்டு. பக்கத்து வீட்டு வினோதினி குழம்புக் கரண்டியை மைக்காகப் பிடித்திருந்தாள். அவள் தம்பி சரண்தான் புருஷன். என் ஐந்து வயது மகள் யாழினி பெண்டாட்டி.

"சோறு ஆக்காம போன் பேசிக்கினு கீறியா?"

கேட்டுக்கொண்டே அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைத் தரையில் மோதினான். நடிப்பில்லை. உதடு கிழிந்து நெல்மேல் ரத்தம் சொட்டியது.

ஓடிப்போய்த் தூக்கினேன். யாழினி என் கையைத் தள்ளினாள்.

"நீ போம்மா. டிவில மூஞ்ச கிட்டக் காட்டும்போதுதான் அழுவணும்."

நான் சரணை ஓங்கி அறைந்தேன். அவன் விழுந்தான்.

எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். வினோதினி கரண்டியை என் வாயருகே நீட்டினாள்.

"சொல்லுங்கக்கா, இன்னா ஆச்சு உங்க வூட்ல?"

பி.காம். படித்த நான், யாழினி வாயைத் திறக்க வேண்டுமே என்று மூன்று வருடமாக அந்த நிகழ்ச்சியைப் போட்டுத்தான் சோறு ஊட்டினேன். இன்று உதடு வீங்கி, கஞ்சிகூட இறங்கவில்லை.

நாளைக் காலையில் சரணின் அம்மா நியாயம் கேட்க வருகிறாளாம். ஊரைக் கூட்டிக் களத்திலேயே பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

பார்க்க யார் யார் வருகிறீர்கள்?