நாக்கில் வைத்துப் பார்த்த அலுமினியம்

புது வீட்டு ஜன்னலுக்குத் தங்க நிற அலுமினியச் சட்டம் பார்க்கக் காரிமங்கலத்துக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் நகத்தால் கீறிக் காட்டினார். "அனோடைசிங் பண்ணதுங்க சார். ஆயுசுக்கும் கலர் போவாது." எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பாவம், அவர் என்ன செய்வார்!

அந்தக் கலர் ஏறுகிற கதை எனக்குத் தெரியுமய்யா. படித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு தகர ஷெட்டில் சேர்ந்தேன். அலுமினியத் துண்டுகளைக் கம்பியில் கட்டி, ஆசிட் தொட்டியில் தொங்கவிட்டுக் கரண்ட் கொடுப்போம். மேலே கெட்டியாக ஒரு படலம் வரும். அலசி, சாயத்தில் முக்கி, கொதிநீரில் போட்டெடுத்தால் தகதகவென்று இருக்கும். 'கெமிக்கல் லைன்ல இருக்கேன்' என்று ஊரில் அளந்துவிடுவேன்.

அலசியதில் ஆசிட் மிச்சமிருந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? நாக்கால்தான். ஆமாம், நக்கிப் பார்க்க வேண்டும்! புளித்தால் மறுபடி அலசு. அந்த வேலை பொம்மிடியிலிருந்து வந்த கலா அக்காவுடையது. வாய் ஓயாத பேச்சு, ஷெட்டே அதிரும் சிரிப்பு.

ஒருநாள் அக்கா முதலாளியிடம் கேட்டே விட்டார். "பல்லெல்லாம் கூசுதுங்கண்ணா. தண்ணி குடிக்க முடியல. ஆசிட் பாக்கறதுக்குக் காயிதம் விக்குதாமே, அத வாங்கிக் குடுங்க."

"நாக்கு சும்மாதான இருக்குது, காயிதம் எதுக்கு?"

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தான் அந்த மனுஷன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நனைத்து விளையாடுகிற லிட்மஸ் காகிதம் அது!

எனக்கு வேறு வேலை கிடைத்தது, வந்துவிட்டேன். அக்காவுக்குப் போக்கிடம் இல்லை. ஷெட்டை மூடும்வரை அங்கேதான் இருந்தார்.

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ஷெட் இருந்த இடத்தில் இப்போது மண்டபம். அதற்கும் அதே முதலாளிதான். ஆசிட் தொட்டி இருந்த இடத்தில் பந்தி நடக்கிறது. பக்கத்து இலையில் கலா அக்கா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினார், சத்தம் வராமல் சிரித்தார். முதலாளி ஒவ்வொரு இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார். எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இந்தம்மாவுக்கு இன்னொரு முறுக்கு வெய்யுப்பா!"

அக்கா முந்தானையை எடுத்தார். மேலே முன்பல் ஒன்றுகூட இல்லை. கீழே நான்கைந்து கறுத்த முளைகள்.

"எதுலங்கண்ணா கடிக்கறது?"

முதலாளி அந்த வாயைப் பார்த்தார். "அப்ப பாயாசம் ஊத்துப்பா" என்றுவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.