போயிட்டு வரேன் என்ற வாசல் காவலர்

என் அண்ணனுக்கு வீட்டில் 'வித்தியாசம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி இப்போது வங்கியில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு டம்ளரை அவன் முன்னால் வைத்தால் போதும். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு வித்தியாசம் இருக்கு" என்பான். இருக்கவும் இருக்கும், அதுதான் எரிச்சல்.

பிழைப்பும் அதற்கேற்றாற்போல் அமைந்துவிட்டது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. வந்தவரின் மூக்கில் கனமான இரும்புச் சட்டம் ஒன்றை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்க வேண்டும். இருபது வருடமாகக் கேட்கிறான். அவசரத்தில் யாராவது "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். "ஒண்ணா இருக்க முடியாது. நல்லா பாத்துச் சொல்லுங்க" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வாரத்தில் ஆறு நாள் கண்டவர் பக்கத்தில் உட்கார்ந்து 'பிரேக், பிரேக்' என்று கத்துவதால் எனக்குப் பொறுமை கம்மி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அண்ணன் வீட்டில். சாப்பாட்டுக்குப் பின் அவன் எழுதியதை அவனே வாசிப்பான், நானும் அண்ணியும் கேட்க வேண்டும். வேறு யாரும் சிக்குவதில்லை.

எழுதுவது எல்லாம் ஒரே ஒரு விளையாட்டைப் பற்றி. பெயர் 'மூன்றாம் மதில்'. நாமே ஒரு ஆளாகி, ஊர் ஊராக நடந்து, சண்டை போட்டு, பலம் சேர்த்துக்கொண்டு கதையை முடிக்கிற வகை. முப்பது வருடத்துக்கு முன் டிவியில் செருகும் பெட்டிக்காக வந்தது. பிறகு ஒவ்வொரு புதுக் கருவி வரும்போதும் யாராவது அதைப் பெயர்த்து அந்தக் கருவிக்கு ஏற்ற மாதிரி எழுதினார்கள். அதைப் போர்ட் என்பார்கள். இதுவரை ஆறு. ஆறும் அண்ணனிடம் உண்டு. பின்கட்டு அறையில் வரிசையாக வைத்து, ஆறிலும் ஒரே காட்சியைத் திறந்துவிட்டு, நடுவில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருப்பான்.

டிவிப் பெட்டியில் மழை பெய்தால் குளத்தில் வட்டம் வட்டமாக விழும். கைக்கருவியில் மழை என்பது இரண்டு கோடு. கம்ப்யூட்டரில் படம் பளிச், ஆனால் எழுத்து ஏதோ அரசாங்க அறிவிப்பு மாதிரி இருக்கும். சிடி வட்டில் வந்த பதிப்பில் எல்லாரும் வாய்விட்டுப் பேசுவார்கள், ஆனால் ஒவ்வொரு கதவைத் திறக்கவும் பதினாலு நொடி சும்மா நிற்க வேண்டும். தொடுதிரையில் வீரன் எங்கே இருக்கிறான் என்று பார்த்தால் நம் கட்டைவிரலுக்கு அடியில் இருப்பான். இதையெல்லாம் அண்ணன் சொல்லக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அந்த விளையாட்டை நான் ஒரு தடவைகூட ஆடியதில்லை.

ஆறாவதுதான் விவகாரம். பட்டன் போன் இருந்த காலத்தில் வந்த போர்ட், பதினாறு வருடப் பழசு. ஆறில் அது ஒன்றுதான் தமிழ். செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை. அண்ணன் பத்து வருடமாக அதைக் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டிருந்தான். செய்தவருக்குப் 'பெருந்தலை' என்று பெயரும் வைத்துவிட்டான். குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, நடுவில் வரும் சந்தை ஊர் முழுசாகக் காணோம். பதினோரு கடை, பதினோரு கடைக்காரர்கள், சுத்தமாக வழித்து எறிந்திருந்தது. இரண்டு, வாசல் காவலர்.

கதையில் ஒரு கிழட்டுக் காவலர் வருவார். எதிரிகள் நுழையாமல் மதில் கதவை உள்பக்கமிருந்து மூட ஒரு ஆள் வேண்டும். உள்ளே போகிறவர் உயிரோடு திரும்ப முடியாது. அவர் போகிறார். மற்ற ஐந்திலும் அந்த இடத்தில் அவர், 'இனி நாம் சந்திக்கப் போவதில்லை' என்கிறார். தமிழில் மட்டும், 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

"சாகப் போறவன் போயிட்டு வரேன்னு சொல்வானா? கடைக்கா போறான்?" என்று அண்ணன் கேட்பான். வருடத்துக்கு நாலு தடவையாவது கேட்பான். நான் சிரிப்பேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருப்பார்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மருந்து அட்டை அச்சடிக்கும் இடத்தில் வேலை. கட்டைவிரல் அகலப் பெட்டியில் மருந்தின் பெயர், அளவு, எச்சரிக்கை எல்லாவற்றையும் படிக்கிற மாதிரி அடக்க வேண்டும். அதிர்ந்து பேச மாட்டார். பேசினால் பாதி வாக்கியத்தில் அண்ணன் புகுந்துவிடுவான்.

போன மாதம் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. 'மூன்றாம் மதில்' மறுபடியும் புதிதாக வருகிறதாம், தமிழிலும் வருகிறதாம். இவன் இணையத்தில் போட்டுவைத்திருந்த ஒப்பீடுகளைப் பார்த்துவிட்டு அந்தக் கம்பெனிக்காரர்கள் இவனுக்கே எழுதிக் கேட்டிருந்தார்கள். பட்டன் போனில் இருந்த தமிழை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? வைப்பதாக இருந்தால் செய்தவரைத் தேடிப் பிடித்து, கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் சேர்க்கிறோம் என்று. அண்ணன் எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினான். ஞாயிறு மதியம் பதில் வந்திருந்தது. எச்சில் கை காய்வதற்குள் வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.

"'உங்கள் கருத்தை ஏற்றுக்கொண்டோம். பழைய தமிழை முழுவதும் நீக்குகிறோம். செய்தவரைத் தேடப்போவதில்லை. நாளைக் காலையோடு எழுத்து வேலை முடிகிறது.' எப்படி?" என்று எங்களைப் பார்த்தான். "பெருந்தலைக்கு இன்னியோட சமாதி. இத செஞ்சவனுக்குத் தமிழும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது."

"செஞ்சவன் இல்லீங்க" என்றார் அண்ணி. "செஞ்சவ."

அண்ணன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரா இருந்தா என்ன."

"நான்தாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த தண்ணீர் மடியில் கொட்டியதுகூட அப்புறம்தான் தெரிந்தது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. அண்ணி கையில் அவனுடைய கடைச் சட்டை. அதை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"விளையாடாத" என்றான் அண்ணன்.

"பதினஞ்சு மாசம் நான் வேற எதுவும் விளையாடல. மேனேஜர் போக மூணு பேர் இருந்த ஆபீஸ். ஒருத்தர் படம், ஒருத்தர் பாட்டு, மீதி எல்லாம் நான். மொத்த விளையாட்டும் உங்க டிவிப் பெட்டில இருக்கற ஒரு பாட்டோட அளவுக்குள்ள இருக்கணும். இல்லன்னா அந்த போன் வாங்கிக்காது."

"அப்ப அந்த 'போயிட்டு வரேன்'?"

"வீட்ட விட்டுக் கிளம்பறவங்க வாயில 'போறேன்'னு எப்படிங்க வரும்? நாலு நாள் உக்காந்து பாத்தேன். என் கையால அத அடிக்கவே முடியல. மேனேஜர் பாத்துட்டு, 'அந்த ஆளு திரும்ப வர மாட்டானே, பொய்யில்ல சொல்றான், மாத்து'ன்னாரு. மாத்த மனசில்ல." அண்ணி சட்டைக் காலரை நிமிர்த்தினார். "அதனால அவர வர வச்சேன்."

"யார?"

"காவலர."

"எங்க வராரு? நான் பத்து வருஷமா பாக்கறேன், ஒரு மூலை விடல, ஒருத்தனும் வரல!" என்று அண்ணன் எழுந்துவிட்டான்.

"பாத்தீங்க. காத்திருந்தீங்களா?"

அண்ணியே சொன்னார். "அவர் உள்ள போனதும் கதவுக்கு முன்னாடி நின்னு, எந்த பட்டனையும் தொடாம இருக்கணும். பதினோரு நிமிஷம். அவர் வர்றதுக்கு இடம் வேணுமே, அதுக்குத்தான் சந்தைய எடுத்தேன். பதினோரு கடைக்காரங்கள அனுப்பிட்டு ஒரு ஆளத் திரும்பக் கூப்பிட்டேன். ஒரு கடைக்கு ஒரு நிமிஷம். மேனேஜர் கண்ணுல படக் கூடாதுன்னுதான் அப்படி வச்சேன். அவரால ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாது."

அந்த இரண்டு குற்றச்சாட்டையும் பத்து வருடமாகக் காதால் கேட்டவள் நான். ஒவ்வொன்றுக்கும் கைகொட்டிச் சிரித்தவளும் நான்தான். அவமானமாக இருந்தது.

அண்ணன் உள்ளே போய் அந்தப் பட்டன் போனைக் கொண்டுவந்தான். காவலர் கதவுக்கு முன் நிற்கும் இடம் எப்போதும் தயாராக வைத்திருப்பான், திட்டுவதற்கு வசதியாக. காவலர் 'போயிட்டு வரேன்' என்று சொல்லி உள்ளே போனார். கதவு மூடியது. போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மூவரும் சுற்றி உட்கார்ந்தோம்.

முதல் நிமிடத்திலேயே திரை வெளிச்சம் அணைந்தது. அண்ணனின் கட்டைவிரல் தானாகப் போனது. அண்ணி பட்டென்று அந்தக் கையில் ஒன்று வைத்தார். கல்யாணமான இந்தப் பதினாலு வருடத்தில் அப்படி ஒரு அடியை நான் பார்த்ததில்லை.

"தொட்டீங்கன்னா மறுபடி முதல்லேந்து. வெளிச்சம் இல்லன்னாலும் தெரியும், ஜன்னல் பக்கம் சாச்சுப் பிடிங்க."

சாய்த்துப் பிடித்தான். சாம்பல் நிறத்தில் கதவு தெரிந்தது. அவ்வளவுதான். நாலு நிமிடம், ஐந்து நிமிடம். என் வலது கால் மேசைக்கடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. ஏழாவது நிமிடம் அண்ணன், "போன் நின்னு போச்சா?" என்றான். "சும்மா இருங்க" என்றார் அண்ணி. அவனை யாராவது சும்மா இருக்கச் சொன்னதும் அவன் சும்மா இருந்ததும் எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை.

பதினோராவது நிமிடம் கதவு திறந்தது.

நகக்கண் அளவு உருவம். தலைக்கவசம் இல்லை, ஒரு காலைத் தாங்கித் தாங்கி வெளியே வந்தது. கீழே எழுத்து ஓடியது: 'வந்துட்டேன். ரொம்ப நேரம் நின்னீங்களா?'

அந்த விளையாட்டில் யார் செத்தால் எனக்கென்ன, யார் வந்தால் எனக்கென்ன? ஆனாலும் என் கால் அந்த இல்லாத பிரேக்கை விட்டது அப்போதுதான். அண்ணன் போனை மேசையில் வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தான். வைத்த கண் வாங்காமல் அண்ணியைப் பார்த்தான். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, துடைக்காமலே நின்றான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மொத தடவ நீங்க திட்டினப்ப சிரிப்பு வந்தது. ரெண்டாவது தடவ சொல்லலாம்னு வாயெடுத்தேன், முழுசா படிச்சு முடிக்கட்டும்னு இருந்தேன். நீங்க முடிக்கவே இல்ல."

"அதுக்காக பத்து வருஷமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வேல பாத்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கம்ப்யூட்டர் கம்பெனின்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"அம்மா."

"அதான். நீங்க என்னைக் கேக்கல" என்றார் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பான். அப்படியே நாற்காலியில் சரிந்தான். "தப்புதான்" என்றான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

"இன்னிக்கு ஏன் சொன்னீங்க அண்ணி?" என்று நான் கேட்டேன்.

"திட்டினா திட்டிட்டுப் போகட்டும், அது எங்கியாவது இருந்துட்டே இருக்கும். இவர் அத இல்லாமலே பண்ணப் பாக்கறாரே." அதைச் சொல்லும்போது மட்டும் அண்ணியின் குரல் உடைந்தது.

நாளைக் காலை வரைதான் நேரம். அண்ணன் அப்போதே உட்கார்ந்து கம்பெனிக்கு எழுதினான். எட்டுப் பக்கம் இல்லை, ஒரே பத்தி. தான் எழுதியது அத்தனையும் தப்பு, பழைய தமிழில் ஒரு எழுத்தையும் நீக்க வேண்டாம், காவலருக்காகப் பதினோரு நிமிடம் காத்திருந்து பாருங்கள், செய்தவர் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். பட்டியலில் போட வேண்டிய பெயர் என்று கீழே அண்ணியின் பெயரை அடித்து, திரையை அவர் பக்கம் திருப்பினான்.

"சரியா இருக்கா பாரு."

அண்ணி பார்த்தார். பிறகு விரலை நீட்டிப் பெயருக்கு முன்னாலிருந்த இனிஷியலைத் தொட்டார். அது அண்ணனுடைய எழுத்து. வாசல் பலகையில், கேஸ் புத்தகத்தில், அண்ணியின் வேலை அடையாள அட்டையில் எல்லாம் இருக்கிற எழுத்து. அவன் யோசித்துப் போட்டதில்லை, கை தானாகப் போட்டது.

"இது வேண்டாங்க. அத செஞ்சப்ப நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

அழித்துவிட்டு, தன் அப்பாவின் எழுத்தை அவரே அடித்தார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான், நானும்தான். பதினாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் கையால் சாப்பிட்டவள் நான். அது என்ன எழுத்து என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது.