நான்கு விரல் அகலம்

காரின் கண்ணாடியை நான்கு விரல் அகலம் இறக்கிவிட்டால் ஒருவர் மூச்சுவிடக் காற்றுப் போதும் என்பது அத்தானின் கணக்கு. அதற்கு மேல் இறக்கினால் மழை உள்ளே வரும். அயர்லாந்தில் அந்த ஒரு வாரமும் நான் ஓட்டிய சிறிய வெள்ளைக் காரின் பின்பக்கக் கண்ணாடி அந்த அளவில்தான் நின்றது. ஒவ்வொரு கோட்டையிலிருந்தும் நாங்கள் திரும்பி வரும்போது அதன் விளிம்பைப் பற்றியபடி நான்கு விரல்கள் தெரியும். என் அக்காவின் விரல்கள்.

அப்போது நான் அங்கே கார்க் என்ற நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அத்தான் போலீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, அக்காவோடு என்னைப் பார்க்க வந்த வருடம் அது. அதுவரை தென்காசியை விட்டு அக்கா போன அதிகபட்சத் தூரம் திருவனந்தபுரம். நான் முன்பு அனுப்பிய படங்களில் ஒன்றில் ஒரு கோட்டைக் கோபுரத்தின் உச்சியில் நான் நின்றிருப்பேன். பின்னால் பச்சை வயல்கள் வானம்வரை போகும். அந்த இடத்தில் தானும் ஒரு தடவை நிற்க வேண்டும் என்று தொலைபேசியில் மூன்று நான்கு முறை சொல்லியிருந்தாள். வேறு எதையும் அவள் என்னிடம் கேட்டதாக நினைவில்லை.

முதல் கோட்டை கஹிர். ஆற்றின் நடுவே பாறைமேல் எழுந்து நிற்கும். அதன் உள்கோபுரத்தின் படிக்கட்டு ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய சுருள். அக்கா சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்றாவது படியில் கால் வைத்தாள். பின்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சிரித்த முகத்தோடு காத்து நின்றது. அவர்களுக்கு அவசரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அத்தான்தான் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, ஒன் முட்டுக்கு இதெல்லாம் தேவையா? ஊரே காத்துக் கெடக்கு. போய் வண்டியில இரி."

அவள் இறங்கினாள். இறங்குவதற்கு அந்தக் குடும்பம் முழுவதும் பின்னால் நகர வேண்டியிருந்தது. அடுத்த கோட்டைகளில் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வண்டி நின்றதும் அத்தான் இறங்குவார், பையை அவள் மடியில் வைப்பார், கண்ணாடியின் அளவைச் சரிபார்ப்பார். திரும்பி வந்ததும் அவள் எப்போதும் ஒன்றையே கேட்பாள், மேலேயிருந்து என்ன தெரிந்தது என்று. அவரும் எப்போதும் ஒன்றையே சொல்வார். "ஒண்ணுமில்ல. வெறும் கல்லு." அவர் கழுத்தில் தொங்கிய கேமராவில் அதற்குள் எழுபது எண்பது படங்கள் ஏறியிருக்கும். அன்றன்று இரவு நாட்குறிப்பில் ஊர், சாலை, வானிலை என்று வழக்கப்படி எழுதிவிட்டு, ஒவ்வொரு கோட்டைக்குக் கீழும் 'அக்கா காரில்' என்று எழுதினேன். எழுத வேறு ஒன்றும் இருக்கவில்லை.

கடைசி நாள் பிளார்னி. அங்கே உச்சியில் ஒரு கல் இருக்கிறது. மல்லாந்து படுத்துத் தலையைத் தொங்கவிட்டு அதை முத்தமிட்டால் நாவன்மை வரும் என்பது அந்நாட்டவர் நம்பிக்கை. எங்கள் காருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கார் நின்றது. அதன் பின்சீட்டில் ஒரு வயதான நாய். அந்தக் கண்ணாடியும் ஏறத்தாழ அதே அளவு இறக்கப்பட்டிருந்தது. அத்தான் இரண்டு கார்களையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னைக்கி ஒனக்குப் பேச்சுத்துணைக்கி ஆளு இருக்குட்டி."

நாங்கள் வரிசையில் நின்று, ஏறி, அவர் கல்லை முத்தமிட்டு, நான் அதைப் படம் எடுத்துத் திரும்ப வெகுநேரமாயிற்று. பச்சைக் கார் போயிருந்தது. நான் வண்டியைக் கிளப்பிக் கண்ணாடி ஏற்றும் பொத்தானில் கை வைத்தபோது, அக்காவின் விரல்கள் இன்னும் விளிம்பில் இருந்தன. நான் நிறுத்தினேன். அத்தான் முன்சீட்டிலிருந்து திரும்பவே இல்லை.

"ஏத்து மாப்ள. அவ எடுப்பா."

எடுத்தாள்.

அன்று இரவு என் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே அவளாகப் பேசினாள். அந்த நாய்க்காரம்மா சீக்கிரமே வந்துவிட்டாளாம். வந்ததும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாளாம். "அது மூஞ்சியப் பிடிச்சிக்கிட்டு சாரி சாரின்னு சொல்லுதா தம்பி. நாய்ட்ட." பிறகு அடுத்த பாத்திரத்தைக் கையில் எடுத்து, "படி ஏற முடியாதுன்னு நான் எப்பம் சொன்னேன்? பண்பொழி மலைக்கு ஆறு மாசமா வாராவாரம் ஏறிட்டுல்லா வாரேன்," என்றாள். அந்த மலைமேல் இருக்கும் திருமலைக்கோயில் படிகளில் அவள் வேண்டுதலுக்காக ஏறுவதாகத்தான் வீட்டில் நினைத்திருந்தார்கள். அவள் அயர்லாந்துக்காகக் காலைப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு சில வருடங்களில் நான் ஊரோடு வந்துவிட்டேன். அத்தானுக்குச் சென்ற வருடம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. ஒன்றிரண்டு சொற்கள் குழறலாக வரும். அக்கா அவரைக் குளிப்பாட்டுகிறாள், சவரம் செய்கிறாள், சோற்றைக் குழைத்து ஊட்டுகிறாள். அவர் முதுகில் ஒரு புண் கிடையாது. இப்படி யார் பார்ப்பார்கள் என்று தெருவே சொல்கிறது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சீசனில் நல்ல சாரல். அருவி என்றால் அத்தானுக்கு உயிர். உத்தியோகக் காலத்திலும் குற்றாலத்துக் குளியலைத் தவறவிட்டதில்லை. அவரை ஐந்தருவிக்குக் கூட்டிப்போகலாம் என்று சொன்னது அக்காதான். சக்கர நாற்காலியை மடக்கி டிக்கியில் வைத்தேன். நாங்கள் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து அருவி தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். அத்தான் இடது கையால் பின்பக்கம், டிக்கியைக் காட்டினார். "சே... சேரு," என்றார். அவர் முகம் சிறு பிள்ளையுடையதைப்போல் இருந்தது.

அக்கா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பின்சீட்டில் இருந்த அவர் மடியில் பையை வைத்தாள். "கண்ணாடிய நாலு விரலு எறக்கு தம்பி. கூட எறக்குனா கொரங்கு கைய விட்டுரும்," என்றாள். அவர் இன்னொரு முறை டிக்கியைக் காட்டினார். அவள் கதவைச் சாத்தினாள்.

பெண்கள் குளிக்கும் பக்கம் அவள் போனாள். நான் ஆண்கள் பக்கம் போகாமல் ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். ஒரு குரங்கு கார் முகப்பில் உட்கார்ந்து உள்ளே இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. இரைச்சல் வந்த திக்கையே பார்த்திருந்தார்.

அக்கா வெகுநேரம் கழித்து வந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இத்தனை வருடங்களில் அவள் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவர் அவளுடைய ஈரத் தலையைப் பார்த்து ஏதோ குழறினார். கேள்விதான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது.

"ஒண்ணுமில்ல," என்றாள். "வெறும் தண்ணி."

நான் வண்டியைக் கிளப்பினேன். சாரல் வலுத்தது. பொத்தானில் விரல் வைத்துப் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன். அவருடைய இடது கையின் நான்கு விரல்கள் விளிம்பைப் பற்றியிருந்தன. நான் நிறுத்தினேன். அக்கா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"ஏத்து தம்பி. எடுப்பாக."